பாம்பைத் தடவியவர் எதற்குப் பயந்தார்?

அன்புள்ள கயல்,

'அமிக்டலாவை எடுத்துவிட்டால் பயமே வராதாமே சித்தப்பா?' என்று கேட்டிருக்கிறாய். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

அமிக்டலா என்பது மூளைக்குள் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் நரம்பணுத் திரள். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அபூர்வமான மரபு நோயால் இரண்டுமே அழிந்துபோயின. ஆய்வுகளில் அவரை எஸ்.எம். என்பார்கள். பாம்பு என்றாலே பிடிக்காது என்று சொல்லிவந்தவரைப் பாம்பு விற்கும் கடைக்கு அழைத்துப்போனார்கள். அவரோ ஒன்றைக் கையில் வாங்கிச் செதிலைத் தடவினார், அது நீட்டிய நாக்கைத் தொட்டுப் பார்த்தார். ஆபத்தான பெரிய பாம்புகளையும் தொடவேண்டும் என்று நச்சரித்தார். பேய் வேடமிட்டவர்கள் மிரட்டும் கட்டடத்தில் அவர்தான் முன்னால் நடந்தார். ஒரு வேடக்காரரின் தலையில் அவர் குத்த, மிரண்டது அந்த வேடக்காரர்தான்! இதெல்லாம் 2010-இல் வெளியான ஆய்வு.

2013-இல் கதை மாறியது. 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை முகமூடி வழியே ஒரு இழுப்பு இழுக்கச் சொன்னார்கள். எஸ்.எம். அலறிப்புடைத்துப் பதறினார். அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளுக்கும் அதே கதிதான். அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரில் மூவர்தான் அப்படிப் பதறினார்கள். ஆக, கண்ணும் காதும் கொண்டுவரும் ஆபத்துக்கு அமிக்டலா வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று உடம்புக்குள்ளிருந்தே கிளம்பும் அபாயச் செய்திக்கு வேறு வழி இருக்கிறது.

பயத்தில் உடம்புக்கு என்ன பங்கு என்பது பழைய விவாதம். உடல் நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்று 1884-இல் எழுதினார் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். கோபத்திலும் நெஞ்சு அப்படித்தானே அடிக்கிறது, பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று 1927-இல் உடலியலாளர் வால்டர் கேனன் மடக்கினார். இருவரில் ஒருவரை ஜெயிக்கவைக்க நான் அவசரப்படமாட்டேன். ஆனால் இந்த முகமூடி விஷயத்தில் ஜேம்ஸுக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம். அமிக்டலா ஆய்வில் பேர்போன ஜோசஃப் லெடூவே, அதைப் பயத்தின் மையம் என்று சொல்லாதீர்கள் என்று பிற்பாடு எழுதினார்.

இன்னொன்றும் கவனி. அந்தக் காற்றை இழுப்பதற்கு முன்பே மற்றவர்களுக்கு இதயம் வேகமெடுத்தது, கை வியர்த்தது. அமிக்டலா அழிந்த மூவருக்கும் அது நடக்கவில்லை. பரீட்சைக்கு முந்தைய நாளே உன் வயிற்றைக் கலக்குகிறதே, அந்த முன்கூட்டிய பயம்தான் அவர்களிடம் இல்லாதது.

அன்புடன்,
சித்தப்பா