மட்டிப் படுகைக்கு ஆண்டு எல்லை வைப்பது எப்படி?

ரொறன்ரோவின் சூஷிக் கடைகளில் சோற்றின்மேல் நுனி சிவந்த முக்கோணத் துண்டு ஒன்றை வைத்துத் தருவார்கள். ஹொக்கிகாய் என்று பெயர். ஆர்க்டிக் சேர்ப்மட்டி என்ற இனத்தின் கால் அது. உயிரோடு இருக்கும்போது ஊதா நிறம், வெந்நீர் பட்டதும் சிவப்பு. நோவா ஸ்கோஷியாவுக்கு அப்பால், செபிள் தீவுக்கு வடகிழக்கே இருக்கும் பாங்கரோ என்ற கடல்திட்டில் 1986 முதல் இதைப் பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று கனடிய மீன்பிடி சமுத்திரத் திணைக்களம் எல்லை வைக்கிறது. அந்தத் திட்டுக்கு நெடுங்காலமாக இருந்த எல்லை 24,000 தொன்.

அந்த எண் போடப்படும் முறை பெரிய கப்பல்களுக்கு மட்டும் உரியதல்ல. மன்னாரிலோ யாழ்ப்பாணக் கடனீரேரியிலோ ஒரு மட்டிப் படுகையை நம்பியிருக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் அதே வழியில் போகலாம். ஊருக்கு வாழ்வாதார உதவி அனுப்பும் சங்கங்கள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. படகும் குளிரூட்டியும் வாங்கிக் கொடுப்பவர்கள் இதையும் தெரிந்திருப்பது நல்லது. பிடிக்கும் வசதி கூடும்போது பிடிபடும் அளவும் கூடும். மட்டியோ நகர்ந்து தப்ப முடியாத உயிர்.

படுகையை வரையுங்கள்

எந்த இடத்துக்கு எல்லை என்பது முதலில் தெளிவாக வேண்டும். "எங்கட களப்பு முழுக்க" என்றால் கணக்கு நிற்காது. பல ஆண்டுகளாக மட்டி கிளறுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வற்றுநேரத்தில் நடந்து, படுகையின் ஓரங்களைக் கைபேசியில் குறித்து, பரப்பைக் கணியுங்கள். இரண்டு படுகைகளுக்கு நடுவே ஆழமான வாய்க்கால் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஒன்று அழிந்துகொண்டிருப்பதை மற்றதன் செழிப்பு மறைத்துவிடும்.

எண்ணுங்கள்

வேலையில் பெரும்பகுதி இங்கேதான். அரை மீற்றருக்கு அரை மீற்றர் பிளாஸ்ரிக் குழாய்ச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். கரையிலிருந்து படுகையைக் குறுக்கே வெட்டும் நேர்கோடுகளை வரைபடத்தில் போட்டு, அவற்றில் சம இடைவெளியில் புள்ளிகளைக் குறியுங்கள். சட்டம் அந்தப் புள்ளியில்தான் விழ வேண்டும். அங்கே வெறும் சேறு இருந்தாலும், நாலு அடி தள்ளிக் குவியலாக மட்டி தெரிந்தாலும் இடத்தை மாற்றக் கூடாது. கிளறிப் பழகிய கை தானாகவே நல்ல இடத்தைத் தேடிப் போகும். அந்தப் பழக்கம் எண்ணிக்கைக்குள் நுழைந்தால் இல்லாத மட்டிக்கும் சேர்த்து எல்லை வைத்துவிடுவீர்கள்.

சட்டத்துக்குள் ஒரு சாண் ஆழம்வரை தோண்டி, மண்ணைச் சிறுகண் அரிதட்டில் கழுவுங்கள். அரிதட்டில் மிஞ்சுகிற ஒவ்வொரு உயிர்மட்டியையும், விரல்நக அளவுக் குஞ்சு உட்பட, அளவுகோலால் அளந்து எழுதுங்கள். ஓட்டின் மிக நீளமான பக்கத்தையே எப்போதும் அளக்க வேண்டும். வெற்றோட்டைத் தனியே எண்ணுங்கள். வாய் திறந்த, பளபளப்பு மாறாத இணையோடுகள் கூடுதலாகக் கிடைத்தால் அண்மையில் ஏதோ சாவு நடந்திருக்கிறது. 60 சட்டங்களாவது போட்டால்தான் சராசரியை ஓரளவு நம்பலாம்.

பாங்கரோவில் இதே வேலையைக் கப்பலில் கட்டிய இழுவைக் கூடை செய்கிறது. நீரைப் பாய்ச்சி மணலை இளக்கி மட்டியை அள்ளும். வழியில் இருந்த எல்லாமே கூடைக்குள் வந்துவிடுவதில்லை. ஆகவே கூடை எத்தனை பங்கை அள்ளுகிறது என்று தனியாகச் சோதிக்கிறார்கள். கைச்சட்டத்தில் அந்தச் சிக்கல் குறைவு. சிறு படுகைக்கு இது பெரிய வசதி.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. படுகை 12 ஹெக்ரேயர், அதாவது 1,20,000 சதுர மீற்றர். பிடிக்கத் தகுந்த அளவு மட்டி சதுர மீற்றருக்குச் சராசரி 24. சட்டத்துக்குச் சட்டம் எண்ணிக்கை ஏறி இறங்குவதைப் பார்த்து, மெய்யான அளவு 18 ஆகவும் இருக்கக்கூடும் என்று தெரிகிறது. உயர்தரத்தில் கணிதம் படித்த ஒருவர் இந்தத் தாழ்ந்த மதிப்பைக் கணித்துத் தருவார். எடுக்க வேண்டியது 18ஐ. ஒன்று 12 கிராம் என்றால் படுகையில் இருப்பது ஏறத்தாழ 26 தொன். ஓட்டோடு நிறுத்த நிறையா, தசை மட்டுமா என்பதை இந்த இடத்திலேயே எழுதிவையுங்கள். அதை எழுதாமல் விட்டால் எல்லை பின்னால் பல மடங்கு நழுவும்.

எவ்வளவு விரைவில் சாகிறது?

யாரும் பிடிக்காவிட்டாலும் மட்டி சாகும். நண்டு, திருக்கை, வெள்ளம், நோய், முதுமை எல்லாம் உண்டு. அந்த இயற்கைச் சாவின் வேகம்தான் எல்லையின் அடிப்படை. குளிர்கடல் மட்டியின் ஓட்டை வெட்டி மெருகேற்றினால் ஆண்டு வளையங்கள் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கூயிடக் மட்டி ஒன்றில் 168 வளையங்கள் எண்ணியிருக்கிறார்கள். நம் வெப்பக்கடல் இனங்களில் வளையங்கள் அவ்வளவு தெளிவாக விழா. மாதாமாதம் இருநூறு மட்டியை அளந்து, எந்த நீளத்தில் கூட்டம் குவிகிறது, அந்தக் குவியல் எப்படி நகர்கிறது, எப்படிக் கரைகிறது என்று ஓராண்டு தொடர்ந்து பார்ப்பதே வழி. இலங்கையின் நீரியல்வள ஆய்வு நிறுவனமான நாராவிலோ பல்கலைக்கழகக் கடற்றொழில் துறையிலோ ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கைத் தீர்மானியுங்கள்

பாங்கரோவின் கணக்கு எளிமையானது. சேர்ப்மட்டியின் இயற்கைச் சாவு வேகத்தை 0.08 என்று கொண்டார்கள், அதாவது ஆண்டுக்கு நூற்றில் ஏறத்தாழ எட்டு. அதில் மூன்றில் ஒரு பங்கை மனிதன் எடுக்கலாம் என்று வைத்தார்கள். ஆக, நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பல பத்தாண்டுகள் வாழ்கிற, மெல்ல வளர்கிற உயிருக்கு இதற்குமேல் போனால் ஈடுகட்ட ஆளில்லை. கூயிடக்குக்கு இன்னும் குறைவு, பகுதியைப் பொறுத்து 1.2 முதல் 1.8 விழுக்காடுவரை.

நம் மாதிரிப் படுகையில் இருப்பது விரைவில் வளர்ந்து விரைவில் சாகும் இனம் என்று கொள்வோம். சாவு வேகம் 0.6, அதாவது ஆண்டு முடிவில் நூற்றில் 55 மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு 0.2. ஆகவே 26 தொன்னில் 5.2 தொன். இளையவை நிறைய இருக்கின்றனவே என்று இதைக் கூட்டச் சொல்லும் குரல் கூட்டத்தில் எழும். அந்த இளையவைதான் அடுத்த ஆண்டின் எல்லை. விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிறுத்தக் கோட்டை முன்கூட்டியே போடுங்கள்

கனடிய முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீண்டகாலத்துக்கு உச்ச விளைச்சல் தரக்கூடிய இருப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு, அதில் 80 விழுக்காட்டில் ஒரு கோடும் 40 விழுக்காட்டில் ஒரு கோடும் போடுகிறார்கள். மேல்கோட்டுக்கு மேலே இருந்தால் முழுப் பங்கு. இடையில் இருந்தால் இருப்பு குறையக் குறையப் பங்கும் குறையும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் பிடிப்பை இயன்ற அளவு மிகக் குறைந்த மட்டத்துக்கு இறக்க வேண்டும். சிறு படுகைக்கு உச்ச விளைச்சலைக் கணிப்பது கடினம். முதியவர்கள் நல்ல ஆண்டு என்று ஒப்புக்கொள்ளும் காலத்தின் அடர்த்தியை அதற்குப் பதிலாக வைக்கலாம். இருப்பு 60 விழுக்காட்டில் நின்றால் பாதிப் பங்கு, 40க்குக் கீழே வணிகப் பிடிப்பு இல்லை என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மட்டி நிறைய இருக்கும் ஆண்டில் கையெழுத்து வாங்குவது எளிது. குறைந்த ஆண்டில், அதுவும் விலை ஏறி நிற்கும்போது, யாரும் போட மாட்டார்கள்.

கழித்துவிட்டு மிச்சத்தை விற்பனைக்கு விடுங்கள்

5.2 தொன்னும் வியாபாரிக்கு அல்ல. வீட்டுக் கறிக்கு எடுப்பவர்களின் பங்கு முதலில் போக வேண்டும். கனடிய உச்ச நீதிமன்றம் 1990இல் ஸ்பாரோ வழக்கில் இந்த வரிசையைத்தான் வைத்தது: இனத்தைக் காப்பது முதலில், அடுத்து முதற்குடிகளின் உணவுக்கும் சடங்குக்குமான பிடிப்பு, வணிகம் அதற்குப் பின்னால். நம் கணக்கில் வீட்டுக்கு 0.7 தொன், கிளறும்போது உடைந்து சாகிறவைக்கு 0.5 தொன். விற்பனைக்கு எஞ்சுவது 4 தொன்.

எல்லையைக் காக்கும் விதிகள்

கேரளத்தில் கொல்லத்தை அடுத்த அஷ்டமுடிக் காயலைப் பாருங்கள். வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளின் கேள்வியால் அங்கே பிடிப்பு 1991இல் 10,000 தொன்னைத் தொட்டது. 1993இல் பாதியாகச் சரிந்தது. பிறகுதான் வலைக்கண் அளவு வந்தது, இயந்திரப் பிடிப்புக்குத் தடை வந்தது, ஏற்றுமதி மட்டித் தசை கிலோவுக்கு 1,400க்கு மேல் எண்ணிக்கை போகாத அளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. டிசம்பர் முதல் பெப்ரவரிவரை, மட்டி இனம்பெருக்கும் காலத்தில், பிடிப்பை நிறுத்தினார்கள். 2014 நவம்பரில் கடல்வள மேற்பார்வை மன்றத்தின் நிலைபேற்றுச் சான்றிதழ் அந்தப் படுகைக்குக் கிடைத்தது. இந்தியாவில் ஒரு மீன்பிடிப்புக்கு அது முதன்முறை.

தொன் கணக்கை மட்டும் எழுதிவிட்டுப் பருவமும் அளவும் வைக்காவிட்டால், நாலு தொன்னையும் முதல் மாதத்திலேயே சிறிதும் பெரிதுமாக அள்ளிவிடுவார்கள். கரையில் ஒரே நிறுவைத் தராசு, ஒரே பதிவேடு, ஒவ்வொரு மூடைக்கும் படுகையின் பெயரும் நாளும் எழுதிய சீட்டு, இவை மூன்றும் போதும். ரொறன்ரோவில் உயிர்மட்டி வாங்கினாலும் பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டு மூடையில் இருக்கும். கழிவுநீரோ நச்சுப்பாசியோ வந்து படுகையை மூடுவது வேறு கணக்கு. எல்லையில் மிச்சம் இருக்கிறது என்று அப்போது திறக்கக் கூடாது.

எவ்வளவு, யாருக்கு: இரண்டும் வேறு கூட்டம்

தொகையைத் தீர்மானிப்பவர்களும் பங்கு பிரிப்பவர்களும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. பாங்கரோ, கிராண்ட் திட்டுகளின் சேர்ப்மட்டி உரிமம் முழுவதும் கிளியர்வோட்டர் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2018 பெப்ரவரியில் கால்பங்கைப் புதிய உரிமமாக வேறொரு குழுவுக்குக் கொடுப்பதாக மீன்பிடி அமைச்சர் டொமினிக் லெப்ளாங் அறிவித்தார். அவருடைய மனைவியின் உறவினர் ஒருவருக்கு அந்தக் குழுவில் தொடர்பு இருந்தது. ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. செப்ரெம்பரில் நலமுரண் சட்டத்தை அமைச்சர் மீறினார் என்று நெறிமுறை ஆணையாளர் அறிக்கை கொடுத்தார். 2021 ஜனவரியில் மிக்மாக் முதற்குடிகளின் கூட்டணி, பிரீமியம் பிராண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கிளியர்வோட்டரையே வாங்கியது. இத்தனை இழுபறியும் பங்கு பற்றியது. சங்கத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் கலந்தால், ஒவ்வொரு பங்காளிக்கும் நாலு கிலோ கூட்டிக் கொடுப்பதற்காக எல்லையே உயரும். அமெரிக்கச் சட்டம் 2006 முதல் இதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. அறிவியல் குழு சொன்ன அளவைவிட உயர்ந்த ஆண்டு எல்லையை மீன்பிடிச் சபைகள் வைக்க முடியாது.

ஆண்டுதோறும் திரும்ப எண்ணுங்கள்

மன்னாருக்கு இதைச் சொல்ல வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1905இல் மன்னார் முத்துப் பார்களில் 8 கோடிக்கு மேல் சிப்பி குளித்தெடுத்தார்கள். அந்தச் செழிப்பைக் கண்டு மறு ஆண்டே லண்டன் கொம்பனி ஒன்று ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அதற்குக் குளிக்கச் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன் கொம்பனியே கலைந்தது. ஒரு நல்ல ஆண்டின் எண் இருபது ஆண்டுக்குச் செல்லாது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில், அதே கோடுகளில், அதே சட்டத்தைப் போடுங்கள். ஆண்டு நடுவில் ஒரு வெள்ளமோ வெற்றோட்டுக் குவியலோ கண்டால் காத்திருக்காமல் அப்போதே எண்ணுங்கள்.

எல்லை ஊரின் ஒப்பந்தமாக மட்டும் இருந்தால் வெளியூர் வியாபாரி மதிக்க மாட்டார். 1996ஆம் ஆண்டுக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஒழுங்குவிதி ஆக்கலாம். பதிவேட்டோடும் வரைபடத்தோடும் போய்க் கேட்கிற சங்கத்தின் கோரிக்கைக்கு எடை உண்டு.

ரொறன்ரோ ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நிதிசேர் விருந்தின் பணத்தில் குளிரூட்டி வாங்குமுன், இரண்டு ஆண்டுக் கணக்கெடுப்புக்கான செலவை ஒதுக்குங்கள். சட்டம், அரிதட்டு, அளவுகோல், தராசு, எண்ணுகிற பெண்களுக்கும் ஆண்களுக்கும் நாட்கூலி. கேட்பது இவ்வளவுதான்.