வீட்டு வாசலில் ஏ.பி.எஸ். வண்டியைப் பிரிக்கும்போது

எங்கள் கன்னிவாடிப் பக்கம் ஏ.பி.எஸ். வண்டி என்றாலே கை வைக்கப் பயப்படுகிறவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் துணிந்து பிரித்து மாட்டிவிட்டு, மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தாலும் “பிரேக்தான் பிடிக்குதே” என்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும், உண்மைதான். விளக்கு எரிகிறபோது சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் தருமத்துப்பட்டி தாண்டி ஆடலூர், பன்றிமலை இறக்கத்தில், மழைக்குச் சேறு வழிந்து கிடக்கும் வளைவில் பதறிப்போய் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் காசு கொடுத்து அந்தக் கருவியை வாங்கியிருக்கிறோம்.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அப்போது ஷோரூமிலிருந்து வந்த வண்டிகள் இப்போது கை மாறி, வாரண்டி முடிந்து, நம் வீட்டு வாசலில் நிற்கின்றன. செயின் மாற்றுவது, பேட் மாற்றுவது எல்லாம் நாமே செய்கிற வேலைகள். தாராளமாகச் செய்யலாம். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தால் போதும்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் துளை போட்ட வளையம் ஒன்று டிஸ்க்குக்கு அருகில் இருக்கும். அதை ஒட்டி விரல் நுனி அளவு சென்சார். துளைகள் கடந்து போகிற வேகத்தை வைத்துச் சக்கரத்தின் வேகத்தை அது சொல்லும். சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்தால், ஹைட்ராலிக் பெட்டி பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். என் கைக்கு வந்த வண்டிகளில் பிரச்சினை பெரும்பாலும் இந்தப் பெட்டியில் இல்லை, வளையத்திலும் சென்சாரிலும்தான். அதுவும் பிரேக் வேலையின்போது கெட்டவை குறைவு. பஞ்சர் ஒட்டுவதற்கும் பேரிங் மாற்றுவதற்கும் சக்கரத்தைக் கழற்றியபோது கெட்டவைதான் அதிகம்.

டியூப் டயரைக் கழற்றும்போது டயர் லிவரை எந்தப் பக்கம் போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். வளையம் இருக்கும் பக்கம் சக்கரத்தைத் தரையில் சாய்த்து, மேலே ஏறி மிதித்தால் வளையம் நெளிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நெளிவே போதும். சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளிதான் இருக்கிறது. சக்கரத்தை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்து, டிஸ்க்கும் வளையமும் தரையில் படாமல் வேலை பாருங்கள். பஞ்சர் கடையில் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று, “அண்ணே, அந்த ரிங்குல லிவர் படாம பாத்துக்கங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

ஆக்சிலை உருவுவதற்கு முன்னால் சென்சாரை அதன் சின்ன போல்ட்டோடு கழற்றி ஓரமாகக் கட்டிவைப்பது நல்லது. ஆக்சிலின் இரண்டு பக்கத்து புஷ்களும் எது இடது, எது வலது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாட்டினால் இடைவெளி மாறிவிடும். திரும்ப மாட்டும்போது சென்சார் முனையைத் துணியால் துடையுங்கள். காந்தம் உள்ள சென்சாரில் பிரேக் டிஸ்க்கின் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருக்கும். போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்க வேண்டாம். வயர் அதன் கிளிப்புகளுக்குள் போகிறதா என்றும் பாருங்கள். தொழுவத்தை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் எலி கடித்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் அவசியம்.

சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரை யாரும் அழுத்தக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேடுகளுக்கும் நடுவில் ஒரு மரச்சில்லைச் சொருகிவிடுங்கள். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு செயினுக்கு ஆயில் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. பின்சக்கரம் சுற்றுகிறது, முன்சக்கரம் நிற்கிறது. ஏ.பி.எஸ். இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு விளக்கைப் போட்டுவிடும். பெரும்பாலான வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் விளக்கு போய்விடும். ஆனாலும் அந்தப் பழக்கமே வேண்டாம். செயினில் விரல் மாட்டினால் போய்விடும். எஞ்சினை அணைத்துவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி ஆயில் விடுங்கள்.

பிரேக் ஆயில் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் மலைப்பாதையில் உயிர் அதில்தான் இருக்கிறது. டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்து வந்தால் ஆயில் கொதித்து, குமிழி கட்டி, லிவர் மெத்தென்று உள்ளே போகும். அந்த நேரத்தில் ஏ.பி.எஸ்.ஸால் ஒன்றும் செய்யமுடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள், இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சினாலும் வேகத்தைக் கட்டுங்கள்.

ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம். காலிப்பர் நிப்பிள் வழியாகப் பழையதை விட்டுக்கொண்டே, மேலே டப்பாவில் புதியதை ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். டப்பா காலியாக விடவே கூடாது. காற்று ஹைட்ராலிக் பெட்டிக்குள் போய்விட்டால், பல வண்டிகளில் ஸ்கேனரை மாட்டி உள்வால்வுகளை இயக்கித்தான் எடுக்கமுடியும். அதே காரணத்துக்காகப் பெட்டிக்குப் போகும் குழாய் நட்டுகளில் ஸ்பேனரே வைக்காதீர்கள். பெயின்ட் மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் லிவரைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்குங்கள். சாவி போட்டதும் விளக்கு எரியவேண்டும், வண்டி நகர்ந்ததும் அணையவேண்டும். ஆளில்லாத நேரான மண் பாதையில் மெதுவாகப் போய் முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பாருங்கள். ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் பின்சக்கரம் வழக்கம்போலப் பூட்டும், அது கோளாறு அல்ல. விளக்கு அணையவில்லை என்றால் பேட்டரி வோல்டேஜையும் ஃபியூஸையும் பார்த்துவிட்டு, நிதானமாக ஓட்டிப்போய்ச் சர்வீஸ் சென்டரில் காட்டலாம். லிவர் மெத்தென்று இருந்தால் மட்டும் திண்டுக்கல் வரை ஓட்டிப்போக நினைக்காதீர்கள், குட்டியானையில் ஏற்றி அனுப்புங்கள்.