ஓய்ந்திருக்கும் கணிப்பொறிகளும் விண்வெளித் தேடலும்

நாட்டின் மூலதனத்தில் எவ்வளவு பகுதி வேலையின்றிக் கிடக்கிறது என்ற கேள்வியைப் பொருளாதார மாணவர்கள் பெரும்பாலும் ஆலைகளைக் குறித்தே எழுப்புவர். நாளில் சில மணி நேரமே உழைத்து, எஞ்சிய நேரம் ஓய்ந்திருக்கும் கணிப்பொறிகளைக் குறித்தும் அதனை எழுப்பலாம். இந்த ஓய்வு நேரத்தைத் திரட்டிய முயற்சிகளுள் மிகுந்த புகழ் பெற்றது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1999 மே மாதத்தில் தொடங்கிய 'சேட்டி அட் ஹோம்' திட்டமாகும். புவிக்கு அப்பால் அறிவுள்ள உயிரினம் உண்டா என்பதை வானொலி அலைகளின் வழியே தேடுவது அதன் நோக்கம்.

போர்ட்டோ ரிக்கோ தீவின் அரிசிபோவில் அப்போது இயங்கிய 305 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியின் பதிவுகள், காந்த நாடாக்களில் அஞ்சல் வழியாகப் பெர்க்லியை வந்தடைந்தன. அங்கு அவை அலைவரிசை வாரியாகவும் நேர வாரியாகவும் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு கூறு என்பது ஏறத்தாழ 107 விநாடிப் பதிவு. தன்னார்வலரின் கணிப்பொறி அதனை இணையத்தின் வழியே பெற்று, கணித்து, முடிவைத் திருப்பி அனுப்பும். ஒரு கூற்றினைக் கணிக்க மற்றொன்றின் முடிவு தேவையில்லை. திட்டத்தின் உயிர்நாடி இதுவே. ஒரு வயலில் நூறு பேர் நாற்று நடலாம். ஒரு கிணற்றுக்குள் நூறு பேர் இறங்கித் தோண்ட இயலாது. ஒரு பகுதியின் கணக்கு அண்டைப் பகுதியின் கணக்கை ஓயாது சார்ந்திருக்கும் பணிகள் இம்முறைக்கு எளிதில் இசைவதில்லை.

உலகெங்குமிருந்து 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றனர். ஊதியம் இல்லை, பெயர்ப் பட்டியலில் ஓர் இடம் மட்டுமே. அந்த இடத்திற்காகவும் பொய்யான முடிவுகளை அனுப்பியோர் உண்டு! ஆகவே ஒரே கூற்றினைப் பலருக்கு அனுப்பி, விடைகளை ஒப்பிடும் ஏற்பாடு இன்றியமையாததாயிற்று. கிடைத்த கணிப்பாற்றலில் ஒரு பகுதி இவ்வாறு சரிபார்ப்பிலேயே செலவாயிற்று.

இது இலவச ஆற்றல் என்று கூறுவது பொருந்தாது. கொச்சிக்கு அருகில் ஏலூர்ப் பகுதியின் அலுபுரத்தில் 1943-இல் தொடங்கிய அலுமினிய உருக்காலை பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை நம்பி எழுந்தது. அத்தகைய ஆலையின் கணக்கேட்டில் மின்செலவு முதன்மையான இனம். தன்னார்வக் கணிப்பிலோ அச்செலவு இலட்சக்கணக்கான வீட்டு மின்கட்டணங்களில் சிதறிக் கண்ணுக்குப் புலப்படாது போகிறது. செலவு மறையவில்லை, தாங்குவோர் மாறினர், அவ்வளவே.

2020 மார்ச் இறுதியில் கூறுகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. அதுவரை வேற்றுலக உயிரினத்தின் அறிகுறி எதுவும் உறுதிப்படவில்லை. கணிப்பொறிகளுக்குப் பஞ்சமில்லை, குவிந்துவிட்ட முடிவுகளிலிருந்து வானொலி இரைச்சலை நீக்கி, ஆராயத்தக்கவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையே எஞ்சி நின்றது. கோடிக்கணக்கான குறிகளைச் சலித்தெடுக்கும் முறைகளை வகுக்கும் பொறுப்பு மிகச் சிறிய ஆய்வுக் குழுவின் மீதே விழுந்தது. திட்டமிடுவோர் இதனைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளல் வேண்டும்.

இதே முறையைக் கையாண்ட 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டம், 2010-இல் அரிசிபோ பதிவுகளிலிருந்து ஒரு புதிய துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தது. நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய 'ராட் அட் ஹோம்' சற்று வேறுபட்டது. புனே அருகிலுள்ள, 30 அலைவாங்கிகள் கொண்ட மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கியின் படங்களை, பயிற்சி பெற்ற மாணவர்களும் ஆர்வலர்களும் தம் கண்ணால் ஆராய்கின்றனர். இங்கே திரட்டப்படுவது பொறியின் ஓய்வு நேரமன்று, மனிதரின் ஓய்வு நேரம். கணிப்பொறி எளிதில் கிட்டாத மாணவனும் இதில் பங்கு பெறலாம். ஆனால் அவனுக்குப் பயிற்சியளிக்க ஆசிரியர் ஒருவர் வேண்டும்.