பகை நெருக்கும்போது அய்யாவிடம் கேட்பது

அய்யா உண்டு.

பல்லடத்துத் தறிக்கூடத்தில் இரவு ஷிப்ட் பார்த்துத் திரும்பும் ஓர் அன்பர். வாசலில் கந்துவட்டிக்காரர் நின்று ஏசிக்கொண்டிருக்கிறார். மறுநாள் விடியற்காலை உகப்படிப்புக்கு நிற்கையில் அவர் வாயில் என்ன வேண்டுதல் வரும்? “அய்யா, இன்றைக்கே என்னை மீட்டுவிடும், அவனை அழித்துவிடும்.” முதல் பாதியில் குற்றமில்லை. பிள்ளை தகப்பனிடம் அவசரப்படாமல் வேறு யாரிடம் அவசரப்படும்? இரண்டாம் பாதிதான் யோசிக்க வேண்டியது.

சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அய்யாவைப் பிடித்துப்போகச் சேவகர் வந்தபோது, சான்றோர் மக்கள் எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுத் தாமே உடன் சென்றார். சுசீந்திரம் வழியாகத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுண்ணாம்புச் சூளை, மிளகாய்ப் புகை, கடைசியில் பசித்த புலி. புலி தலை தாழ்த்திக் கிடந்ததை அகிலத்திரட்டு கேட்டவர் அறிவர்.

ஆனால் ஏடு வாசிக்கையில் பலரும் வேகமாகக் கடந்துபோகும் இடம் ஒன்று உண்டு. சொந்தச் சாதியாரை மட்டும் கூட்டிக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டால் விடுதலை என்று மன்னர் தரப்பில் சொன்னார்கள். மீட்பு கையெட்டும் தூரத்தில்! அய்யா ஒப்பவில்லை. பதினெண் சாதியையும் ஒன்றாக வைத்தவர் அதை விட்டுக்கொடுத்து வெளியே வருவதாயில்லை, சிறையிலேயே இருந்தார்.

ஆகவே அவசரமாய்க் கேட்கலாம். எதைக் கொடுத்தாவது தப்பிக்கலாம் என்பதில்லை. பொய்ச்சாட்சி சொல்லி வழக்கை வெல்வதும், ஒரு கடனை அடைக்க இன்னொருவரை ஏமாற்றுவதும் அந்தக் கையொப்பத்தைப் போன்றவையே.

பொறுமை என்றால் அடங்கிக் கிடப்பதல்ல. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது பொறுமைக்கு விரோதமாகாது. அழிவு கேட்பதுதான் விரோதம். பள்ளியறையில் தலைப்பாகையோடு நிற்பவருக்கு எதிரே இருப்பது கண்ணாடி. பகைவனுக்குச் சாபம் கேட்கும் முகத்தையும் அது அப்படியே காட்டும்.

அய்யா சிறையிருந்தது 110 நாள் என்பார்கள். விடுதலையானது கொல்லம் 1014 மாசியில், அதாவது 1839-ல். அதை நினைத்தே இன்றும் மாசி 19 அன்று திருவனந்தபுரத்திலிருந்து ஊர்வலம் புறப்படுகிறது. திருச்செந்தூரிலிருந்து வரும் ஊர்வலம் நாகர்கோவிலில் அதனுடன் சேர, மறுநாள் அவதார தினத்தன்று எல்லாரும் காவிக்கொடி பிடித்துச் சாமிதோப்புக்கு நடக்கிறார்கள்.

அய்யா உண்டு.