மூணேகாலும் மூணேமுக்காலும்: இதயத்தின் மின்சாரத்தை அளப்போம்



லேபில் மோட்டாரை அளக்கிறோம், ட்ரான்ஸ்பார்மரை அளக்கிறோம். நம் நெஞ்சுக்குள்ளேயும் ஒரு மின் நிலையம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தோலின் மேல் அதன் அளவு சுமார் 1 மில்லி வோல்ட்தான். 'அது டாக்டருங்க சமாச்சாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். அளவு சரியாக வருவதில் நம் பங்கும் இருக்கிறது.

தேர் வடமும் இதயமும்

சிதம்பரத்தில் ஆனித் தேரும் மார்கழித் தேரும் பார்த்திருப்பீர்கள். வடம் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் நகரும். ஒரு பக்கம் முன்னாடி இழுத்து, மறுபக்கம் தாமதமாக இழுத்தால் பலம் வீணாகும்.

இதயமும் அப்படித்தான். மேலறையில் பிறக்கும் மின் துடிப்பு நடுவில் ஒரு கணு வழியாக இறங்கி, வலது கிளை, இடது கிளை என இரண்டாகப் பிரிந்து கீழறைகளுக்குப் போகிறது. இடது கிளை பழுதானால் வலது அறை முதலில் சுருங்கும். இடது அறைக்கு மின்சாரம் தசை வழியாக ஊர்ந்து, தாமதமாகப் போய்ச் சேரும். ஏற்கெனவே பலவீனப்பட்ட இதயம் இதனால் இன்னும் சோர்ந்துபோகும்.

தாளில் என்ன அளக்கிறோம்?

ஹாலந்து நாட்டு ஐந்தோவன் 1901 முதல் 1903 வரையிலான ஆண்டுகளில் இழை கால்வனாமீட்டரைக் கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்தார். கை கால்களை உப்புத் தண்ணீரில் வைத்துத்தான் அளவு எடுத்தார்கள். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய ஈ.சி.ஜி. தாள் விநாடிக்கு 25 மி.மீ. ஓடும். 1 மி.மீ. சின்னக் கட்டம் என்பது 40 மில்லி விநாடி. கீழறைகள் சுருங்கும்போது வரும் கூரான அலைக்குக் கியூ.ஆர்.எஸ். என்று பெயர். அதன் அகலம் 120 மில்லி விநாடிக்குள், அதாவது 3 கட்டத்துக்குள் இருக்க வேண்டும். இடது கிளை பழுதானால் அலை அகலமாகும்.

இரு பக்கத்துக்கும் ஒரே சிக்னல்

இதற்கான சிகிச்சையில் வலது கீழறைக்கு ஒரு வயர், இதயச் சிரை வழியாக இடது பக்கத்துக்கு ஒரு வயர் வைத்து, இரண்டையும் பேஸ்மேக்கர் சேர்த்துத் தூண்டுகிறது. 2005-ல் வெளியான கேர்-எச்.எப். ஆய்வில் 813 நோயாளிகள் கலந்துகொண்டார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்தச் சிகிச்சையும் பெற்றவர்களில் அது 20 சதவீதம்.

அப்படியானால் எல்லோருக்கும் வைத்துவிடலாமே? கூடாது. கியூ.ஆர்.எஸ். 130-க்குக் குறைவானவர்களிடம் செய்த எக்கோ-சி.ஆர்.டி. ஆய்வு 2013-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. சிகிச்சை கொடுத்த பிரிவில்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். 2021-ம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல்படி இதயத்தின் தள்ளு திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, இடது கிளை பழுதாகி, அகலம் 150 மில்லி விநாடியோ அதற்கு மேலோ இருந்தால் சிகிச்சை உறுதியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 130 முதல் 149 வரை யோசித்துச் செய்யலாம்.

கட்டத்தில் சொன்னால் 130 என்பது மூணேகால், 150 என்பது மூணேமுக்கால். நடுவில் அரைக் கட்டம்தாங்க!

இதில் நம்ம வேலை என்ன?

தாள் ஓட்டும் மோட்டார் 10 சதவீதம் மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் 140 உள்ள அலையைக் கட்டம் எண்ணி அளந்தால் 126 என்று வரும். சிகிச்சை கிடைக்க வேண்டியவர் வரிசையிலிருந்து வெளியே போய்விடுவார். 10 சதவீதம் வேகமாக ஓடினால் 120 உள்ளவர் 132 ஆகி உள்ளே வந்துவிடுவார். சோதிக்கும் வழி சுலபம். சிமுலேட்டரில் விநாடிக்கு ஒரு துடிப்பு வைத்தால் அலைகள் சரியாக 25 மி.மீ. தள்ளி விழ வேண்டும். 1 மில்லி வோல்ட் கொடுத்தால் 10 மி.மீ. உயர வேண்டும்.

அடுத்தது 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். வலது காலில் மாட்டும் கறுப்பு வயர் இதயத்தை அளப்பதற்கல்ல, இந்த இரைச்சலைக் குறைப்பதற்கு. டிபரன்ஷியல் ஆம்பிளிபயர் பாடத்தில் படித்த பொது சிக்னல் நிராகரிப்பு இங்கேதான் பயன்படுகிறது. எர்த்தும் எலக்ட்ரோடும் சரியில்லை என்றால் சிலர் சட்டென்று 40 ஹெர்ட்ஸ் பில்டரைப் போட்டுவிடுவார்கள். கோடு அழகாக வரும். ஆனால் இடது கிளைப் பழுதைக் காட்டும் சின்னப் பிளவுகள் மழுங்கிவிடும். முழு அலையும் வேண்டுமானால் 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை திறந்திருக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் தரும் துடிப்போ சுமார் 0.4 மில்லி விநாடிதான். விநாடிக்கு 500 முறை சாம்பிள் எடுக்கும் கருவி 2 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் கண் திறக்கிறது. இடையில் வந்துபோன துடிப்பை அது தவறவிடலாம். அதனால்தான் நல்ல கருவிகளில் அதற்கென்றே தனிச் சுற்று வைத்திருக்கிறார்கள்.

மதுரையில் நடப்பது

2017-ல் சீனாவின் வெய்ஜியான் ஹுவாங் குழுவினர் புது வழி ஒன்றை வெளியிட்டார்கள். லீடு வயரை இரு கீழறைகளுக்கும் நடுச்சுவரில் திருகி, பழுதான இடத்தைத் தாண்டி இடது கிளையையே தூண்டுவது அந்த முறை. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இம்முறையைச் செய்து, உலக இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். வயர் சரியான இடத்தைத் தொட்டதா என்பதை இங்கும் ஈ.சி.ஜி.தான் சொல்கிறது. தூண்டிய நொடியிலிருந்து வி6 லீடின் உச்சி வரை சுமார் 75, 80 மில்லி விநாடிக்குள் வந்தால் இடது கிளை பிடிபட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

முடிவாக

செம்மங்குப்பத்துக்கு வடக்கே கடலூர். தெற்கே சிதம்பரத்தில், 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. நம்மில் சிலர் நாளை இப்படிப்பட்ட இடங்களில் கருவி பராமரிப்பு வேலைக்குப் போகலாம். அப்போது முதலில் 1 மில்லி வோல்ட் காலிபரேஷனைப் பாருங்கள், தாள் வேகத்தைப் பாருங்கள், எர்த்தைப் பாருங்கள். முடிவெடுப்பவர் டாக்டர்தான். ஆனால் அவர் நம்பிப் பார்க்கும் அந்தக் கட்டத்துக்கு நாம்தான் பொறுப்பு.

அளவு சரியானால் ஆயுள் கூடும்!