பழைய போர்டில் புது எஸ்எஸ்டி: பயாஸைத் தொடும் முன்

2001 பிப்ரவரி 28இல் தங்கவயலின் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டதிலிருந்து, நந்திதுர்க் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியற்காலை ரயிலில் போய் இரவில் திரும்புகிறார்கள். பிள்ளைகள் படிக்கவும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் வாங்கும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி காம்பேக், லெனோவா திங்க்சென்டர் பெட்டிகளுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பஞ்சமே இல்லை. 2011 முதல் 2013 வரை வந்த ஐ3, ஐ5 பெட்டிகள் இன்றைக்கும் நன்றாக உழைக்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பது பழைய ஹார்ட் டிஸ்க்தான்.

அதை மாற்றலாம் என்று என்விஎம்இ வகை எஸ்எஸ்டியையும், அதைப் பிசிஐஇ ஸ்லாட்டில் பொருத்தும் அடாப்டர் கார்டையும் வாங்கி மாட்டினால், கம்ப்யூட்டர் அதிலிருந்து பூட் ஆக மறுக்கிறது. “பயாஸை மாட் பண்ணு, எல்லாம் சரியாயிடும்” என்று ஒருவர் சொல்வார். “தொட்டா போர்டு செத்துரும்” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டிலும் பாதிதான் உண்மை.

நம்பிக்கை 1: பழைய போர்டில் என்விஎம்இ வேலையே செய்யாது.

உண்மை: வேலை செய்யும், அதிலிருந்து பூட் ஆவதில்தான் சிக்கல். என்விஎம்இ தரநிலையின் முதல் பதிப்பு 2011இல் வெளியானது. லினக்ஸ் கெர்னல் 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே இந்த டிரைவ்களை அறியும். விண்டோஸ் 8.1க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் டிரைவர் கூடவே வருகிறது. விண்டோஸ் 7க்கு மட்டும் தனி ஹாட்ஃபிக்ஸ் தேவைப்பட்டது. ஆகவே விண்டோஸ் பழைய டிஸ்க்கில் இருக்க, புது எஸ்எஸ்டியை டேட்டா டிரைவாக வைத்துக்கொள்ள எந்த மாற்றமும் வேண்டாம்.

பூட் ஆவது வேறு விஷயம். பவர் பட்டனை அழுத்தியதும் விழித்துக்கொள்வது விண்டோஸ் அல்ல, போர்டிலுள்ள ஃபர்ம்வேர், அதாவது பயாஸ். விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறதோ, அதைப் படிக்க அந்த ஃபர்ம்வேருக்கே தெரிந்திருக்க வேண்டும். இன்டெலின் 2014ஆம் ஆண்டு 9 வரிசை சிப்செட் போர்டுகளில்தான் இந்த வசதி பரவலாக வந்தது. அதற்கு முந்தைய எச்61, பி75, எச்81 போன்ற பெரும்பாலான போர்டுகளில் என்விஎம்இயைப் படிக்கும் அந்த ஒரு டிரைவர் கிடையாது. பயாஸ் மாட் என்பது அதைச் சேர்க்கும் வேலைதான்.

நம்பிக்கை 2: எவ்வளவு பழைய போர்டாக இருந்தாலும் மாட் பண்ணிவிடலாம்.

உண்மை: ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ எனும் புதிய வகையாக இருக்க வேண்டும். சேர்க்கப்படும் டிரைவர் யூஇஎஃப்ஐக்காக எழுதப்பட்டது. கோர் 2 டியோ காலத்துப் பழைய பாணி பயாஸில் அதை நுழைக்க இடமே இல்லை. பயாஸ் இருக்கும் சிப்பில் காலி இடமும் வேண்டும். எச்61 போர்டுகளில் சிலவற்றில் பயாஸ் சிப் 4 எம்பிதான். சேர்க்கும் கோப்பு 100 கேபிக்கும் குறைவு என்றாலும், சிப் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அதற்கும் இடம் இராது.

இந்த வேலையில் இறங்கும் முன், போர்டைத் தயாரித்தவர்கள் கடைசியாக வெளியிட்ட பயாஸ் பதிப்பைப் பாருங்கள். சில போர்டுகளுக்கு அவர்களே இந்த வசதியைச் சேர்த்திருக்கிறார்கள்.

நம்பிக்கை 3: மாட் பண்ணினால் கம்ப்யூட்டர் வேகம் கூடும்.

உண்மை: துளியும் கூடாது. சுரங்கத்தில் கேஜ் எனும் கூண்டு ஆட்களை ஆழத்துக்கு இறக்கிவிடும். கீழே பாறையை எவ்வளவு வேகமாக வெட்டுகிறார்கள் என்பதற்கும் கேஜுக்கும் சம்பந்தமில்லை. ஃபர்ம்வேரில் சேர்த்த டிரைவரும் அப்படியே. விண்டோஸை எழுப்பி விட்டதும் அதன் வேலை முடிந்தது. பிறகு ஓடுவது விண்டோஸின் சொந்த டிரைவர்.

வேகத்தைத் தீர்மானிப்பது ஸ்லாட். பிசிஐஇ இரண்டாம் தலைமுறையில் நான்கு லேன் கிடைத்தால் கணக்குப்படி நொடிக்கு 2 ஜிபி. மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 4 ஜிபி. அடாப்டரை மாட்ட ஒற்றை லேன் ஸ்லாட்தான் மிச்சம் என்றால், இரண்டாம் தலைமுறையில் 500 எம்பிதான். சாதாரண சாட்டா 3 எஸ்எஸ்டி அதற்குச் சளைத்ததல்ல. எச்61 போர்டில் கதை மாறும். அந்தச் சிப்செட்டில் சாட்டா 2 மட்டுமே இருப்பதால் சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 300 எம்பியைத் தாண்டாது. அங்கே கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட் காலியாக இருந்தால் என்விஎம்இயால் நிஜமான லாபம் உண்டு.

ஆனால் அன்றாட வேலையில் நாம் உணரும் வேகம் இந்த எண்களில் இல்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் ஒரு துண்டுத் தகவலை எடுக்கப் பத்து மில்லிநொடிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. எந்த எஸ்எஸ்டியும் அதை மில்லிநொடியில் ஒரு சிறு பங்கில் முடித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வித்தியாசம் தெரியும். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால், பெரிய வீடியோக் கோப்புகளைக் கையாள்பவருக்குத்தான் தெரியும்.

நம்பிக்கை 4: அதே மாடல் வைத்திருப்பவரிடம் மாட் செய்த பயாஸ் கோப்பை வாங்கி ஏற்றினால் போதும்.

உண்மை: பலரைக் கவிழ்ப்பது இதுதான். ஒரே பெயரில் வரும் போர்டுகளிலும் ரிவிஷன் வேறுபடும். அதைவிட, ஒருவருடைய சிப்பிலிருந்து முழுதாக எடுத்த நகலில் அவருடைய நெட்வொர்க் மேக் முகவரி, சீரியல் எண், விண்டோஸ் உரிமத் தகவல் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அதை ஏற்றினால் உங்கள் பெட்டி அவர் பெட்டியாகிவிடும்.

முறையான வழி, உங்கள் சிப்பிலிருந்தே நகல் எடுத்து அதில் டிரைவரைச் சேர்ப்பது. ஏஎம்ஐ ஃபர்ம்வேருக்கு எம்எம்டூல், யூஇஎஃப்ஐடூல் என்ற கருவிகள் புழக்கத்தில் உள்ளன. யூஇஎஃப்ஐடூலில் திருத்தும் வசதி 0.28 வரையான பழைய வரிசையில்தான் உண்டு. புதிய என்இ வரிசை பிரித்துப் பார்க்க மட்டுமே. சேமித்த கோப்பைத் திரும்பத் திறந்து மூலத்தோடு ஒப்பிடுவது கட்டாயம். நடுவில் இருக்கும் பேட் ஃபைல் எனப்படும் நிரப்புத் துண்டு காணாமல் போயிருந்தாலோ புதிதாக முளைத்திருந்தாலோ அந்தக் கோப்பை ஏற்றக் கூடாது.

நம்பிக்கை 5: மாட் செய்த கோப்பைப் பென்டிரைவில் போட்டால் பயாஸே ஏற்றிக்கொள்ளும்.

உண்மை: பல போர்டுகள் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்து, மாற்றியதை ஏற்க மறுக்கும். டெல், எச்பி, லெனோவா அலுவலகப் பெட்டிகளில் இந்தக் காவல் இன்னும் கறார். அசூஸின் சில போர்டுகளில் யூஎஸ்பி பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி கைகொடுக்கும். இல்லாவிட்டால் சிப்பில் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ போன்ற புரோகிராமரால் நேரடியாக எழுத வேண்டியதுதான்.

அதற்கும் பக்குவம் உண்டு. பவர் கேபிளையும் சிமாஸ் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். நகலை இரண்டு முறை எடுத்து, இரண்டும் ஒன்றேதானா என்று பார்த்த பிறகே எழுத வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற சிஎச்341ஏ, 3.3 வோல்ட் சிப்பின் டேட்டா கால்களுக்கு 5 வோல்ட் அனுப்பும் என்பது மெக்கானிக்குகளிடையே பேர்போன குறை. சில லேப்டாப்களில் இருக்கும் 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் இல்லாமல் கை வைக்கவே கூடாது.

நம்பிக்கை 6: நடுவில் கரன்ட் போனால் போர்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

உண்மை: போர்டு சாவதில்லை, சிப்பில் உள்ள எழுத்துதான் அரைகுறையாகிறது. எடுத்து வைத்த நகலைப் புரோகிராமரால் திரும்ப எழுதினால் போர்டு பெரும்பாலும் எழுந்துவிடும். கிகாபைட் போர்டுகள் பலவற்றில் மாற்றுச் சிப்பே ஒன்று உண்டு. நகல் எடுக்காதவருக்குத்தான் உண்மையான கஷ்டம். சுரங்கங்களை ஓட்டச் சிவனசமுத்திரத்திலிருந்து 1902லேயே மின்சாரம் வந்த ஊர் தங்கவயல். அதற்காக யுபிஎஸ் இல்லாமல் ஃப்ளாஷ் செய்யத் துணியாதீர்கள். விண்டோஸில் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெகவரி கீயை முன்பே எடுத்து வையுங்கள். ஃபர்ம்வேர் மாறியதைக் கண்டதும் அது கேட்கக்கூடும்.

நம்பிக்கை 7: பூட் பட்டியலில் எஸ்எஸ்டியின் பெயர் வரவில்லையென்றால் மாட் தோல்வி.

உண்மை: அவசரப்பட வேண்டாம். வெற்றிகரமாக மாட் செய்த பல போர்டுகளில் டிரைவ் ‘பாட்டா’ என்ற பழைய பெயரில்தான் தெரியும். விண்டோஸை யூஇஎஃப்ஐ முறையில், ஜிபிடி பார்ட்டிஷனில் நிறுவிய பிறகு ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்று பட்டியலில் வரும். பழைய எம்பிஆர் டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தவர்களுக்குத்தான் அது வராது.

நம்பிக்கை 8: மாட் பண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

உண்மை: சிப்பைத் தொடாமலே மூன்று வழிகள் உண்டு. குளோவர் என்ற பூட்லோடரை என்விஎம்இ டிரைவரோடு ஒரு பென்டிரைவில் வைத்தால், அது டிரைவை அடையாளம் கண்டு விண்டோஸை எழுப்பும். பென்டிரைவ் செருகியே இருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. லினக்ஸ் என்றால் பூட் பார்ட்டிஷனைச் சாட்டா டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ வைத்து, மற்றதை என்விஎம்இயில் நிறுவலாம். மூன்றாவது, 2015இல் வந்த சாம்சங் 950 புரோ. பழைய பயாஸுக்கும் புரியும் ஆப்ஷன் ரோம் அதிலேயே இருந்ததால் பல பழைய போர்டுகளில் நேரடியாகப் பூட் ஆனது. இன்று அது பழைய சரக்காகக் கிடைத்தால்தான் உண்டு.

நம்பிக்கை 9: மாட் பண்ணிவிட்டால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும்.

உண்மை: அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0வும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதலான ப்ராசஸரும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிகளை இன்னும் சில வருடம் பாதுகாப்பாக ஓட்ட நினைப்பவர் எஸ்எஸ்டியோடு லினக்ஸையும் யோசிக்கலாம்.

கடைசியாகக் கைச்செலவுக் கணக்கு. படிப்பு, பிரவுசர், அலுவலகக் கோப்புகள் என்றால் சாட்டா எஸ்எஸ்டியே போதும். பயாஸ் பக்கமே போக வேண்டாம். கையில் ஏற்கெனவே என்விஎம்இ டிரைவ் இருந்தால் முதலில் பென்டிரைவ் வழியைச் சோதித்துப் பாருங்கள். அதில் டிரைவும் அடாப்டரும் ஸ்லாட்டும் ஒத்துப்போகின்றன என்று தெரிந்த பிறகு, பென்டிரைவ் தொல்லை வேண்டாம் என்று தோன்றினால் மட்டும் சிப்பில் கை வையுங்கள், அதுவும் நகல் பத்திரமாக இருக்கும்போது. கடையில் கொடுத்துச் செய்வதானால் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “பழைய பயாஸை நகல் எடுத்துத் தருவீங்களா?” தயங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.