டோக்கியோவில் பூக்காலம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் செம்மங்குப்பம். பங்குனி பிறந்ததும் அப்பக்கத்தில் வேம்பு பூக்கும். புங்கமரம் தன் நிழலெல்லாம் பொரி இறைத்தாற்போல் மலர் சொரியும். வெயிலோ நாள்தோறும் ஏறும். அதே நாள்களில், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஜப்பானின் தலைநகராகிய டோக்கியோவில் மக்கள் குளிருக்குப் போர்த்த ஆடையை இன்னும் களையாமல், ஒரு மரம் பூப்பதை எதிர்நோக்கியிருப்பர். அம்மரமே சகுரா. செர்ரி இனத்தைச் சேர்ந்தது.

அந்நகருக்குத் தமிழர் செல்வது புதிதன்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-ஆம் ஆண்டில் பிறந்த ஏ. கே. செட்டியார், நிழற்படக்கலை பயில்வதற்காக 1930-களில் டோக்கியோ சென்றார். பின்னர் அமெரிக்காவிலும் அக்கலையைக் கற்று, காந்தியடிகளைப் பற்றிய படத்தை 1940-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஜப்பானைப் பற்றி நூலும் எழுதினார். அவருக்குப் பின் தி. ஜானகிராமனும் அந்நாட்டுப் பயணத்தை ‘உதய சூரியன்’ என்னும் நூலாக்கினார். செட்டியார் சென்ற நாளில் கப்பலேறிப் பல நாள் கடலில் கழித்தாலன்றி ஜப்பானை அடைய இயலாது. இன்று சென்னையில் வானூர்தி ஏறுவோர் மறுநாளே டோக்கியோவில் இறங்கலாம். ஆயினும் பூக்காலத்தில் செல்வோருக்கு அன்றும் இன்றும் இடர் ஒன்றே. பயணி பயண நாளை முன்னரே குறித்துவிடுகிறான்; மரமோ தான் பூக்கும் நாளை எவருக்கும் முன்னரே உரைப்பதில்லை.

மரம் நாள் பார்க்கும் முறை வியப்புக்குரியது. சென்ற கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான பூ அரும்புகள் கிளையில் தோன்றிவிடும். தோன்றியதும் அவை உறங்கத் தொடங்கும். குளிர்காலத்துக் கடுங்குளிர் பல வாரங்கள் தாக்கிய பின்னரே அவ்வுறக்கம் கலையும். அதன் பிறகு வெப்பம் வேண்டும். பிப்ரவரி முதல் நாள் தொடங்கி ஒவ்வொரு நாளின் மிகுந்த வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், தொகை ஏறத்தாழ 600 பாகையை எட்டும்போது டோக்கியோவில் சகுரா மலரும் என்பர். முதலில் குளிர், பின்னர் வெப்பம்; இவ்விரண்டில் எது குறையினும் மலர் முறையாக வாராது. குளிர் என்பதே அறியாத கடலூர்க் கடற்கரையில் இம்மரத்தை எவ்வளவு நீர் ஊற்றி வளர்த்தாலும் பயன் இல்லை என்பதற்குக் காரணம் இதுவே.

நகரெங்கும் காணப்படும் வகைக்குச் சோமெய் யோஷினோ என்று பெயர். இன்று டோக்கியோவுக்குள் அடங்கிவிட்ட சோமெய் என்னும் சிற்றூரின் தோட்டக்காரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைப் பரப்பினர். தன் மகரந்தத்தால் இது வித்துக் கொள்வதில்லை. விருத்தாசலத்தில் முந்திரிக்கு ஒட்டுக்கட்டுவதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஒரு தாய்மரத்தின் கிளைகளே ஒட்டுக்கன்றுகளாகி நாடெங்கும் நிற்கின்றன. ஆதலின் ஓரிடத்து மரங்கள் அனைத்தும் ஒரே வேளையில் பூக்கின்றன. ஒரே வேளையில் உதிர்கின்றன. அழகு இதனால் விளைந்ததே. நோய் வந்தாலும் எல்லா மரத்தையும் ஒருங்கே பற்றக்கூடும் என்னும் அச்சமும் இதனால் விளைந்ததே.

யசுகுனி கோயில் வளாகத்தில் அரசின் வானிலைத் துறையார் தேர்ந்து வைத்த மரம் ஒன்று உண்டு. அதில் ஐந்தாறு மலர் விரிந்துவிட்டால், டோக்கியோவில் பூக்காலம் பிறந்ததென்று அறிவிப்பர். பெரும்பாலும் அது மார்ச்சுத் திங்களின் நான்காம் வாரமாக இருக்கும். நூற்றுக்கு எண்பது பங்கு அரும்பு மலர மேலும் ஒரு வாரம் ஆகும். அதன்பின் ஒரு மழை, ஒரு காற்று போதும், எல்லாம் தரையில்.

தனியே செல்பவனுக்கு அந்நகரம் அஞ்சத்தக்கதன்று. யாமனோதே என்னும் வட்ட இரயில் பாதை முப்பது நிலையங்களைத் தொட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது. வழி தவறியவனும் ஏறிய நிலையத்திலேயே மீண்டும் இறங்கலாம்! அப்பாதையில் உள்ளது உயெனோ. 1873-ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்கெனப் பூங்கா ஆக்கப்பட்ட இடம் அது. மரத்தடியில் நீலநிற விரிப்புகளைப் பரப்பி, அலுவலகத் தோழர்களும் குடும்பத்தாரும் உண்டு பாடி மகிழ்வர். நல்ல இடம் பிடிப்பதற்காக விடியலிலேயே ஒருவரை அனுப்பிக் காவலிருக்கச் செய்வதும் உண்டு. கூட்டத்தின் நடுவே ஒற்றையாய் நடப்பவனுக்குத் தன் வீட்டு நினைவு வருவது இங்கேதான். ஆனால் எவரும் கிளையை ஒடிப்பதில்லை. குப்பையைத் தாமே கட்டி எடுத்துச் செல்வோர் மிகப் பலர். திருவிழா முடிந்த நம் ஊர்த் தெருக்களை எண்ணிப் பார்க்கும் பயணி சிறிது நாணவும் கூடும்.

சுமிடா ஆற்றங்கரைக்குச் செல்பவன் வேறொன்றையும் காண்பான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்சித் தலைவராயிருந்த தொக்குகாவா யோஷிமுனே, எளிய மக்களும் கண்டு மகிழ அசுக்காயாமா குன்றிலும் இவ்வாற்றங்கரையிலும் சகுரா மரங்களை நடச்செய்தார். பூக்காண வருவோரின் கால்பட்டுக் கரை இறுகும் என்று அவர் கருதியதாகவும் சொல்வதுண்டு. 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் அக்கரையில் பூங்கா அமைந்தது. 1945 மார்ச்சு 10-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், அமெரிக்க வானூர்திகள் பொழிந்த தீக்குண்டுகளால் ஆற்றின் இருகரையும் எரிந்தன. ஓரிரவில் மாண்டோர் ஏறத்தாழ 1,00,000 பேர். இடுகாடு போதாமையால் பலரைப் பூங்காவிலேயே தற்காலிகமாகப் புதைத்தனர். அதே போரில், இளைஞர்கள் உயிர்விடுவதற்கென்றே ஏறிச் சென்ற வெடிவானூர்திக்கு ஜப்பானியப் படையினர் இட்ட பெயர் ‘ஓகா’. சகுரா மலர் என்பது அதன் பொருள். மென்மலரின் பெயர் அவ்வாறும் பயன்பட்டது. சுமிடாப் பூங்காவில் இன்று அவ்விரவில் மாண்டோருக்கான நினைவுக்கல் நிற்கிறது. பூக்காண வருவோர் அதனைக் கடந்தே நடக்கின்றனர். சிலர் நின்று தலை வணங்குகின்றனர்.

கியோட்டோ நகரத்துச் சகுரா முழுதும் மலர்ந்த நாள்கள், பழைய நாட்குறிப்புகளிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு முதல் தொகுக்கப்பட்டுள்ளன. 1409-ஆம் ஆண்டில் மார்ச்சு 27-இல் மலர்ந்ததே மிக முந்தியதாக இருந்தது. 2021-இல் அது மார்ச்சு 26 ஆயிற்று. ஒருநாள் வேறுபாடுதானே என்று எண்ணுதல் கூடாது. முன்னாளில் ஏப்பிரல் நடுவில் மலர்ந்துவந்த மரங்கள் அண்மைக் காலத்தில் முந்துகின்ற போக்கையே அறிஞர் கவனிக்கின்றனர். உலகம் வெப்பமடைவதும், நகரங்களின் கல்லும் சுவரும் வெப்பத்தைத் தேக்குவதும் காரணம் என்கின்றனர்.

பூவின் நிறைவைக் காணத் தவறி இரண்டு நாள் பிந்தி வந்த பயணியும் வெறுங்கையோடு திரும்ப வேண்டுவதில்லை. அரண்மனை அகழியின் ஒரு பகுதியாகிய சிதோரிகாஃபுச்சியில் சிறு படகுகள் வாடகைக்குக் கிடைக்கும். உதிர்ந்த இதழ்கள் நீரின்மேல் ஒன்றோடொன்று நெருங்கி, இளஞ்சிவப்பாய் மிதக்கும். அக்காட்சிக்கு ஜப்பானியர் தனிப்பெயர் ஒன்றே வைத்துள்ளனர். அதனைத் தமிழில் மலர்த்தெப்பம் எனலாம். துடுப்புப் பட்டதும் அது பிளந்து, படகு கடந்ததும் மீண்டும் கூடிக்கொள்ளும். கரைமேல் மரங்களில் அதற்குள் பச்சைத் துளிர் எட்டிப் பார்த்திருக்கும்.